தனியே சாப்பிடத் தெரியாத அக்கா

மத்தியான இடைவேளையில் எங்கள் வேலையிடத்து மேசையும் உங்கள் பள்ளிக்கூட மேசை மாதிரித்தான் இருக்கும், பிள்ளைகளே. ஆளுக்கொரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள் இரண்டு துண்டு பாண், இடையில் சீஸ். அவரவர் பெட்டியை அவரவர் திறந்து, கைபேசியைப் பார்த்தபடி தின்று, பத்து நிமிடத்தில் மூடிவிடுவார்கள். ஒருவர் மட்டும் பெட்டி கொண்டுவருவதில்லை. சுளகு அகலத்தில் ஒரு வட்டத் தட்டைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைப்பார். தட்டு முழுவதையும் மூடியபடி சாம்பல் நிறத்தில், கண் கண்ணாகத் துளை விழுந்த ஒரு பெரிய அப்பம். அதன் மேல் இரண்டு மூன்று குவியலாகக் குழம்பு. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, சாப்பிடாமல் எங்கள் முகங்களைப் பார்ப்பார்.

“ஆர் வாறியள்?” என்று கேட்பார்.

ஒருவரும் போவதில்லை. நன்றி, எனக்கு இருக்கிறது என்று தங்கள் பெட்டியைக் காட்டுவார்கள். அவரும் நாலு வாய் தின்றுவிட்டு மூடிவிடுவார்.

இது ஒஸ்லோவின் கிழக்குக் கோடியில், ஸ்டோவ்னர் பக்கம் இருந்த ஒரு முதியோர் இல்லம். பல வருடங்கள் ஆகிவிட்டன. நான் குசினியில் சமையல் உதவியாள். அவர் துப்புரவு வேலை. எரித்திரியா நாட்டுக்காரர். பெயரை எழுதவில்லை, அவருக்கு அது பிடிக்காது. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அதன் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவர் என்னை ‘ஹாவெய்’ என்று கூப்பிட்டார். அவர்கள் மொழியில் ‘என் சகோதரன்’ என்று அர்த்தமாம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த நோர்வேஜிய மொழி மட்டும்தான். அவர் சொன்னதையெல்லாம் இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதுக்கு அது அப்படித்தான் கேட்டது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமை, வெள்ளிக்கிழமை. மேசையில் எல்லோரும் பன்றி இறைச்சிப் பாண் தின்றார்கள். நான் வெள்ளியில் மரக்கறி. ஒரு அப்பிளை வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா அதைக் கண்டுவிட்டார்.

“நீ ஏன் பழம் தின்னுறாய்? உடம்புக்கு வருத்தமோ?”

“இல்லை. வெள்ளிக்கிழமை இறைச்சி, மீன் தின்னமாட்டன்.”

அக்காவின் கண் விரிந்தது. “நானும் வெள்ளிக்கிழமை தின்னமாட்டன். புதன்கிழமையும் இல்லை. பாலும் இல்லை. வா.”

நான் வேறு தட்டுத் தேடினேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அப்போதுதான் விளங்கியது, வேறு தட்டு இல்லை. இருவருக்கும் இது ஒன்றுதான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டில் ஒருவர் கை வைத்த தட்டில் மற்றவர் கை வைக்கமாட்டார்கள். எச்சில் என்பார்கள். அண்ணன் தம்பியானாலும் அப்படித்தான். இங்கே முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை, தான் கிள்ளித் தின்கிற அப்பத்தின் மற்றப் பக்கத்தை எனக்குக் காட்டுகிறார்.

வயிறு ஒருபக்கம், வளர்ப்பு ஒருபக்கம். வயிறு வென்றது. பருப்பும் கடலை மாவுக் குழம்பும். அப்பம் எங்கள் தோசையைவிட நன்றாகப் புளித்திருந்தது. தின்னத் தின்னத்தான் அந்தச் சாப்பாட்டுக்கும் ஒரு ஒழுங்கு இருப்பது தெரிந்தது. அவர் கை என் பக்கம் ஒரு தடவைகூட வரவில்லை. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் அவரவர் எடுக்க வேண்டும். நல்ல துண்டு இருந்தால் மற்றவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். கடைசியில், குழம்பில் ஊறிய அடி அப்பத்தையும் பிய்த்துத் தின்றுவிட்டால் கழுவுவதற்கு ஒன்றும் இருக்காது.

“ஏன் அக்கா இவ்வளவு பெரிசாச் சுடுறியள்?” என்று கேட்டேன்.

“சின்னனாச் சுடக் கூடாது. சின்னனாச் சுட்டால் ஒராள் தின்னலாம்.”

அவ்வளவுதான் அவர் விளக்கம். வேறொரு நாள், துடைப்பத்தைப் பிழிந்துகொண்டு நிற்கும்போது, நான் கேட்காமலே மிச்சத்தைச் சொன்னார். நோர்வேக்கு வந்த முதல் வருடம் வடக்கே ஒரு அகதி முகாமில் ஓர் அறையில் இருந்தாராம். பாணும் ஜாமும். ஒரு வருடம் முழுக்கத் தனியாகவே தின்றாராம்.

“வாய் திங்கிறதுக்கு மட்டுமெண்டு ஆகிப்போச்சு, ஹாவெய். ஒருநாள் கண்ணாடியிலை பாத்து என்ர பாசையிலை கதைச்சன். சொல்லு வரேல்லை. கத்தரிக்காய்க்கு என்ன சொல்லு எண்டு மறந்துபோனன்.”

பிறகு யாரோ ஒருவர் ஒஸ்லோவிலிருந்து அந்த அப்பம் சுடுகிற, கடுகிலும் சின்னத் தானியத்தின் மாவைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று நாள் புளிக்க வைத்துச் சுட்டார். முகாமில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கூப்பிட, எல்லா அறையிலிருந்தும் ஆள் வந்ததாம். அவர்களோடு சேர்ந்து தின்றபோது அவருடைய மொழி திரும்பி வந்ததாம். இதைச் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவின் இந்தக் குணத்தால் வெட்கப்பட்டும் இருக்கிறேன். ஒருநாள் வேலை முடிந்து ஸ்டோவ்னர் நிலையத்தில் ரி-பான என்கிற நகர ரயிலுக்காக நிற்கிறோம். வாங்குப் பலகையில் ஒரு நோர்வேக்காரர் தனியே இருந்து சொசேஜ் தின்றுகொண்டிருந்தார். அக்கா அவரையே பார்த்தார். “பாவம்” என்றார். நான் தடுக்கமுன்னம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பையைத் திறந்து, தானும் தின்னத் தொடங்கினார். அந்த மனிதர் எழுந்து அடுத்த வாங்குக்குப் போனார். அக்காவும் எழுந்து அடுத்த வாங்குக்குப் போனார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

“அவருக்குப் பயம் வந்திட்டுது அக்கா.”

“தெரியும். ஆனால் தின்னேக்கை பக்கத்திலை ஆள் இருந்ததுதானே?”

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் நான் ஒரு பிழை செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த இல்லத்தில் என் முக்கிய வேலை இதுதான். மெல்லவோ விழுங்கவோ கஷ்டப்படுகிறவர்களுக்குச் சாப்பாட்டை அரைத்துக் கொடுக்க வேண்டும். அரைத்ததை அப்படியே வைத்தால் கூழ் மாதிரி இருக்கும், பார்க்கவே மனம் வராது. ஆகவே காரட்டை அவித்து அரைத்துக் காரட் அச்சில் ஊற்றுவேன். அது திரும்பக் காரட்டாக வரும். மீனுக்கு மீன் அச்சு. நான் அதிகம் படித்தவனில்லை. இதற்கென்று மூன்று நாள் படித்தேன், சான்றிதழ் தந்தார்கள். அந்தக் காரட்டை நான் எவ்வளவு கவனமாகச் செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் இருந்தார். அவரும் எரித்திரியாக்காரர். ஒஸ்லோவில் எத்தனையோ வருடம் பஸ் ஓட்டியவர். மறதி நோய் வந்து முதலில் தெருக்களை மறந்தார், பிறகு நோர்வேஜிய மொழியை மறந்தார். ஒரே மகள், துரொண்ட்ஹெய்ம் என்கிற தூர நகரத்தில் வேலை. பெரியவர் என் காரட்டைத் தொடவே மாட்டார். கரண்டியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிவிடுவார். தட்டு போனமாதிரியே திரும்பி வரும். பிறகு ஒரு கிழமை, திடீரென்று தட்டு வெறுமையாக வரத் தொடங்கியது. அடுத்த கிழமையும் அப்படியே. அவர் உடல் நிறை கூடியது. மாடிப் பொறுப்பாளர் அம்மா குசினிக்கே இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். “உங்கள் அச்சுச் சாப்பாடு வேலை செய்கிறது” என்றார். நான் அன்று என் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போனேன்.

ஒருநாள் சாப்பாட்டு வண்டி தள்ளுகிற பிள்ளை வரவில்லை. நானே கொண்டுபோனேன். தட்டுகளை எடுக்க வழக்கத்தைவிட வேளைக்கே திரும்பிப் போனேன். பெரியவரின் அறைக்கு வெளியே அக்காவின் துப்புரவு வண்டி நின்றது. அதில் தொங்கிய கறுப்புப் பைக்குள் என் காரட் கிடந்தது. முழுசாக, ஒரு கீறலும் இல்லாமல்.

கதவு அரைவாசி திறந்திருந்தது. அக்கா முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவில் அந்த வட்டத் தட்டு. அக்காவின் வலது கை, உருட்டிய ஒரு கவளத்தைப் பெரியவரின் வாய்க்குள் வைத்ததைக் கண்டேன். கையுறை இல்லை. அவர் உதடெல்லாம் சிவப்பு. விழுங்கக் கஷ்டப்படுகிற ஆளுக்கு அப்பம். மிளகாய். வெறும் கை. புரையேறினால் செத்துப்போவார்.

நேரே பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அக்காவிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

பின்னேரம் அக்காவைக் கூப்பிட்டார்கள். எழுத்தில் எச்சரிக்கை. இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை. மூன்றாம் மாடிக்குப் போகக் கூடாது, கீழ்மாடி மட்டும். அக்கா குசினி வாசலால் போகும்போது நின்று என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சாருங்கோ, அந்த மனிசன் இருமினவரோ?”

“இல்லை.”

“துப்பினவரோ?”

“இல்லை.”

“பிறகேன் போய்ச் சொன்னனீங்கள்?”

“விதி எண்டு ஒண்டு இருக்கு.”

“விதியோ, உங்கட காரட்டோ?”

பிள்ளைகளே, உண்மையைச் சொன்னால், இரண்டும்தான். ஆனால் முதலில் கொதித்தது காரட்டுக்காக.

மறுநாள் பெரியவரின் தட்டு முழுசாகத் திரும்பி வந்தது. அதற்கு மறுநாளும். நான் அச்சை மாற்றிப் பார்த்தேன், உப்பைக் கூட்டிப் பார்த்தேன், கோழியை அரைத்துப் பார்த்தேன். தாதிமார் மாறி மாறி உட்கார்ந்து கரண்டியோடு கெஞ்சினார்கள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இரண்டாம் கிழமை முடிவில் நான் மாடிக்குப் போனபோது, அவர் கையில் கட்டிய மணிக்கூடு முழங்கைவரை வழுகி நின்றது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டிலும் சோறு இறங்கவில்லை.

மகள் துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்தார். நடைபாதையில் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: “போன மாதம் எல்லாவற்றையும் சாப்பிட்டாரே. என்ன மாறியது?” பொறுப்பாளர் நல்ல மனுசி. மறைக்காமல் நடந்ததைச் சொன்னார். விழுங்குவதைப் பரிசோதிக்கிறவர் வந்து பார்த்துச் சரி சொல்லாமல் தான் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றேன்.

“குசினியிலை நான் செய்யிறன்” என்று சொல்லிவிட்டேன். “அந்தச் சாப்பாட்டை. எழுதிவைச்சு, ஒழுங்குப்படி செய்யிறன்.”

“உங்களுக்குத் தெரியுமா?” என்று மகள் கேட்டார்.

“தெரியாது. தெரிஞ்ச ஆளிட்டைக் கேக்க வேணும்.”

அக்கா கீழ்மாடியில் துணி துவைக்கிற அறையில் இருந்தார். மத்தியானம். மேசைக்கு அவர் வருவதை விட்டு இரண்டு கிழமை. அங்கே என்ன தின்கிறார் என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர். வட்டத் தட்டைக் காணவில்லை. தனியே தின்னத் தெரியாத மனுசி, தின்னாமலே இருந்திருக்கிறார். இந்த அதிர்ச்சிக்கு நான் ஆயத்தமாக வரவில்லை.

“அக்கா, அவருக்கு என்ன குடுத்தனீங்கள்? எப்பிடிச் செய்யிறது?”

“இப்ப கேக்கிறியோ?”

“ஓம்.”

துணி இயந்திரம் சுற்றி நின்றதும் ஈரத் துணிகளை வெளியே எடுத்துப் போட்டார். பிறகு, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“அப்பத்தை நகத்தளவு பிய்க்க வேணும். குழம்புக்குள்ளை ஒரு மணித்தியாலம் ஊற விடவேணும். நாக்காலை நசிச்சாலே கரைய வேணும். ஒவ்வொரு வாயையும் நான் விரலாலை நசிச்சுப் பாத்துத்தான் குடுத்தனான். உன்ர காரட் அதைவிடக் கட்டி. அதையும் நசிச்சுப் பாத்தனான்.”

“மிளகாய்?”

“மிளகாய் ஆர் போட்டது? தக்காளி.” இப்போது என்னைப் பார்த்தார். “என்ர அம்மா கடைசி இரண்டு வருசம் விழுங்கமாட்டா. ஊட்டினது நான். நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். வாசல்லை நிண்டனி. உள்ளுக்கை வந்து கேட்டிருக்கலாம்.”

சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து, அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன்.

பரிசோதிக்கிறவர் வந்தார். நான் செய்து ஊறவைத்த அப்பத்தை முள்ளுக்கரண்டியால் அமுக்கினார், சரித்துப் பார்த்தார், சரி என்றார். ஆனால் இரண்டு கிழமையாக எதற்கும் வாய் திறக்காதவர் இதற்கு மட்டும் திறப்பாரா என்று அவருக்கே சந்தேகம். பொறுப்பாளர் அக்காவை மேலே கூப்பிட்டார்.

அக்கா ஒரு சட்டியும் கிளாசும் கொண்டுவந்தார். பெரியவரை இருத்தி, அவர் கைகளில் தண்ணீர் வார்த்துக் கழுவித் துடைத்தார். தட்டை நடுவில் வைத்தார். பிறகு தன் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். ஊட்டவில்லை. நாங்கள் வாசலில் நின்றோம், மகள், பொறுப்பாளர், நான். ஒரு நிமிடம் போனது. அக்கா ஏன் ஊட்டவில்லை, கோபத்தில் விட்டுவிட்டாரா என்று நான் பதறினேன்.

பெரியவர் தட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். நடுங்குகிற கை மெல்ல எழுந்து தட்டுக்குப் போனது. ஒரு கவளம் உருட்டினார். அதைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நீட்டி, அக்காவின் வாயில் வைத்தார்.

அக்கா மென்று விழுங்கினார். பிறகு அவர் ஒரு கவளம் எடுத்துப் பெரியவருக்கு வைத்தார். பெரியவர் விழுங்கினார்.

அன்றைக்குக் கதவிடுக்கால் நான் கண்டது பின்பாதி மட்டும்தான். முன்பாதியை அக்காவின் முதுகு மறைத்துவிட்டது. அங்கே நடந்தது ஊட்டல் இல்லை, பிள்ளைகளே. அவர் வீட்டுக்கு ஒருவர் வந்திருக்கிறார், அவரை அவர் உபசரிக்கிறார். வந்த ஆள் தின்னும்போது வீட்டுக்காரரும் தின்ன வேண்டும், அது அவர்கள் வழக்கம். கரண்டியோடு போன எங்கள் எல்லோருக்கும் அவர் நோயாளி. அந்தத் தட்டுக்கு முன்னால் மட்டும் அவர் வீட்டுக்காரர். தெருவை, பாஷையை, பஸ்ஸை எல்லாம் மறந்த மனிதருக்கு, வந்தவருக்கு முதல் வாய் கொடுக்க வேண்டும் என்பது மறக்கவில்லை.

நாலு வாய் தின்ற பிறகு அவர் எங்களைக் கண்டார். ஏதோ கேட்டார். மகள் அக்காவைப் பார்த்தார். தகப்பன் பேசுகிற மொழி மகளுக்குத் தெரியாது.

“வாசல்லை நிக்கிறவை ஆர், ஏன் தின்னாமல் நிக்கினம் எண்டு கேக்கிறார்” என்றார் அக்கா.

மகள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். பெரியவர் கவளத்தை நீட்ட, வளர்ந்த அந்தப் பெண் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார். பெரியவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவும் கேட்டார். என்னைப் பற்றிச் சொல்ல அக்காவிடம் எத்தனையோ சொல் இருந்திருக்கும்.

“வா. இரு” என்று தன் பக்கத்தில் இடம் காட்டினார்.

நானும் வாயைத் திறந்தேன். என்ன ருசி என்று கேட்டால் புளிப்பு என்றுதான் சொல்ல முடியும். அந்த நடுங்குகிற விரல்கள் என் உதட்டில் பட்டது மட்டும்தான் நினைவிருக்கிறது. எச்சில் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் எனக்கு ஒரு அதிர்ச்சிதான்.

வெளியே வந்ததும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து அக்காவின் பின்னால் போனேன். அவர் நடையை நிறுத்தாமலே சொன்னார்:

“அது அவரின்ர வீடு. அவர் கூப்பிட்டார், நீ இருந்தாய். என்ர தட்டு வேறை.”

பெரியவர் அறையில் ஒவ்வொரு மத்தியானமும் நான் செய்த சாப்பாடு போனது. பொறுப்பாளரின் அனுமதியோடு அக்கா போய் உட்கார்ந்தார். அது முடிந்து கீழே மேசைக்கு வந்து தன் தட்டையும் வைக்கத் தொடங்கினார். ஆனால் “ஆர் வாறியள்” என்று என் பக்கம் பார்த்துக் கேட்கவில்லை. ஒருநாள் நானே எழுந்து போய் நின்றேன்.

“அக்கா, நான் இருக்கலாமோ?”

“இண்டைக்கு ஏலாது. நாளைக்குக் கேள்.”

மறுநாள் கேட்டேன். நாளைக்குக் கேள் என்றார். அதற்கு மறுநாளும் கேட்டேன், அதே பதில். மேசையில் மற்றவர்கள் கைபேசியை விட்டுவிட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நாலாம் நாள் நான் வாயைத் திறக்கமுன்னமே அக்கா நிமிர்ந்தார்.

“எத்தினை நாளைக்குக் கேக்கப்போறாய்?”

“நீங்கள் ஓமெண்டு சொல்லுமட்டும்.”

“சாப்பாடு ஆறுது. இரு.”